நோய் வருமுன் காக்கும் நித்தியப் பயிற்சி
(மலைநாட்டுத் தோட்டப் பகுதிப் பாடசாலை உபாத்தியாயர்க்கு)

தோற்றுவாய்

சரீரம் உயிருக்கு இருப்பிடமுமாம்; கருவியுமாம். கருவி பழுதுற்றவிடத்துக் கல்வி நிரம்பாது, தொழில் நடவாது, வழிபாடும் முட்டின்றி நிகழாது. இதுபற்றியே திருமூல நாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே சரீரசித்தி உபாயம் என ஒரு பகுதி வகுத்து, உடம்பைப் பேணுதலை உயிர் உய்தற்கு உபாயமாக உபதேசித்தருளினார். திருவள்ளுவ நாயனாரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திலே மருந்துச் சரக்குக்களை எடுத்தோதாது, உண்ணும் அளவையுங் காலத்தையுமே பெரிதும் எடுத்தோதினார். ஆறுமுக நாவலர் அவர்கள் சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்திலே நித்தியகரும இயலென ஓரியல் அமைத்து, சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம் முதலியவற்றைச் சிறுவரும் வினாவும் விடையுமாகக் கற்கும்படி செய்தார். இம்மூன்றையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நோய் வந்தபின் தீர்த்தல் வைத்தியர் கருமம். வாராமற் காத்தல் நாள்தோறும் நாம் செய்யுங் கருமம் என்பதே அது.

நித்தியகருமத்தை வாய் ஒப்புவித்தல் மாத்திரம் போதாது. கையுங் காலும் அதனைக் கற்றல் வேண்டும். எல்லா நோய்க்கும் எல்லாக் காப்பும் ஒரு பாடத்தில் அடங்கா. ஆகலின், நுவரெலியா, அட்டன் முதலிய மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளிலே பிள்ளைகளின் கல்வியை மறைந்துநின்று கெடுக்கும் இரத்தக்குறைவு என்னும் ஒன்றையே முதற்பொருளாகக் கொண்டு, அதனைத் தடுக்கும் நித்தியப் பயிற்சியை ஈண்டு விரித்துரைப்பாம். ஏனைய காப்புகள் அதன் பின்னர்ச் சுருங்கச் சொல்லப்படும்.

1. மந்தன் என்னப்படும் பிள்ளை

உபாத்தியாயர்காள்! நும் வகுப்பிலே பின்வாங்கிலிருக்கும் பிள்ளை ஒருவனை நினைந்து பாருங்கள். காலை வழிபாட்டுக்கு எல்லாரும் நிற்குங்கால் அவன் சுவரிற் சாய்வான். பணிய லயத்திலிருந்து பாடசாலைக்கு ஏறிவருமுன் இருமுறை வழியில் உட்காருவான். கணக்குப் பாடத்திலே கண் சொருகும். விளையாட்டுக்கு அழைத்தால் மூச்சு வாங்கும். சிலபோது மண்ணையும் வெண்கட்டியையும் மறைவாகத் தின்பான். இவனுக்கு மந்தன் என்றும் சோம்பன் என்றும் பெயரிடுவது எளிது. அப்பெயரோ அவன் உள்ளத்திற் பதிந்து, வளர்ந்த பின்னரும் நீங்காது நிற்கும்.

அவன் கீழிமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்ளே செம்மையின்றி வெளுத்திருக்குமாயின், நகமும் நாவும் அவ்வாறே வெளுத்திருக்குமாயின், அவன் மந்தனல்லன். பெரும்பாலும் இரத்தங் குறைந்தவன். இரத்தத்திற்குச் செந்நிறந் தரும் பொருளை ஈமோகுளோபின் என்பர். நாம் உள்வாங்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவைச் சுமந்து சென்று மூளைக்கும் தசைக்கும் கொடுப்பது அதுவே. அதனை ஆக்குதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. இரும்புச்சத்துக் குறைந்தால் ஈமோகுளோபின் குறையும்; அது குறைந்தால் மூளை தன் உணவைப் பெறாது. மூளை பசித்திருக்கப் பாடம் எங்ஙனம் ஏறும்? இத்தகைய பிள்ளையைப் பிரம்பாற் திருத்தப் புகுதல், எண்ணெயற்ற விளக்கைத் தூண்டுகோலாற் தூண்டுதல் போலும். திரி கருகுவதன்றிச் சுடர் எழாது.

இமையைப் பார்ப்பது ஐயம் எழுப்புதற்கேயன்றித் துணிதற்கன்று. துணிபு இரத்தப் பரிசோதனையால் வைத்தியரே கூறற்பாலது. ஐயம் எழுந்தவிடத்துப் பெற்றோர்க்குச் சொல்லி, வைத்தியசாலைக்கு அனுப்புவித்தலே உபாத்தியாயர் கடன்.

தோட்டப் பகுதியிலே பிள்ளைகளின் உடல்நிலை நாட்டின் ஏனைய பகுதிகளினும் தாழ்ந்திருத்தல் கணக்கெடுப்புகளால் அறியப்பட்டதாம். 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்பகுதியிலோ ஏறக்குறைய 32 பேர். மூவருள் ஒருவர் என்னும் அளவிது. வளர்ச்சி குன்றலும் இரத்தக்குறைவும் ஒன்றல்ல. ஆயினும் போதிய உணவின்மை, ஓயாத தொற்று, தாயின் மெலிவு என்னும் அடிவேர்கள் இரண்டற்கும் பொதுவாம்.

இரத்தக்குறைவு தோட்டப் பகுதியிலே மூன்று வழியால் வருவதைப் பெரும்பாலுங் காணலாம். உள்ள இரத்தத்தைப் புழு உறிஞ்சல் ஒன்று. இரத்தம் ஆக்கும் சத்து உணவில் இல்லாமை ஒன்று. உணவில் உள்ள சத்தும் உடம்பிற் சேராதபடி தடைப்படல் ஒன்று. இம்மூன்றும் நித்தியப் பயிற்சியாற் பெரிதுந் தடுக்கப்படுவன.

2. ஒரு நூற்றாண்டுக்கு முன் மலைநாடு கற்ற பாடம்

கோப்பித் தோட்டங்களுக்கும், அவை 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த நம் முன்னோர், தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே வெறுங்காலினராய் நடந்து வந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். மலையக மக்களின் இருநூற்றாண்டு நிறைவை யொட்டி 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நிகழ்ந்த நடைபயணம் அதனை நினைவூட்டியது.

வந்து சேர்ந்தவர்க்கு அமைந்த உறைவிடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகிய ஓரறையிலே ஒரு குடும்பம் முழுவதும் உண்டது, உறங்கியது, சமைத்தது. மலகூடமின்மையால் மலைச்சரிவும் ஓடைக்கரையும் தேயிலைச்செடியின் அடியுமே மலங்கழிக்கும் இடமாயின. தோட்டங்களின் வைத்தியத் தேவைக்காக 1872ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 1912ஆம் ஆண்டில் வைத்திய வசதியையும் தொழிலாளர் நோய்த்தடுப்பையும் பற்றி இரண்டு சட்டங்களும் இயற்றப்பட்டன. எனினும் இரத்தஞ் சோர்ந்து உழைப்போர் தொகை குறைந்திலது.

1916ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் தாபனத்தார் அரசாங்கத்தோடும் தோட்டக்காரரோடுஞ் சேர்ந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கினர். மலத்தைப் பரிசோதித்தபோது தொழிலாளருட் பெரும்பாலார் வயிற்றில் அப்புழு இருத்தல் கண்டனர். மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது, சோர்ந்தவர் எழுந்தனர். சில மாதஞ் சென்றபின் அவர்களுட் பலரை மீளவும் புழு பற்றிற்று. காரணம் யாதெனின், மருந்து வயிற்றைச் சுத்தி செய்ததேயன்றி மண்ணைச் சுத்தி செய்திலது. சுத்தியான வயிற்றோடு அசுத்தமான மண்ணிலே வெறுங்காலாய் மறுநாளும் அவர் நடந்தனர். மலகூடம் அமைத்தற்காகுஞ் செலவை நோக்கித் தோட்டக்காரர் பலர் தயங்கினர், மருந்தோ மலிவாயிருந்தது. முடிவில், மலகூடமின்றி மருந்து நிலையாது என்பது அவ்வேலையில் ஈடுபட்டோர்க்குத் தெளிவாயிற்று. பின்னர் 1926ஆம் ஆண்டிலே களுத்துறையிற் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பகுதி, வைத்தியத்தினும் நோய்த்தடுப்பையே தன் முதல் வேலையாகக் கொண்டது.

இவ்வரலாற்றை உபாத்தியாயர் மாணாக்கர்க்கு ஒரு கதையாகச் சொல்க. ஒருமுறை உண்ணும் மருந்து ஒருநாளைக் காப்பு. நாள்தோறுஞ் செய்யும் பயிற்சியே வாழ்நாட் காப்பு என்பது இதனால் எளிதில் விளங்கும்.

3. கொக்கிப்புழு செல்லும் வழி

பகைவன் வரும் வழியை அறிந்தவனே அவ்வழியை அடைக்க வல்லன். கொக்கிப்புழு ஏறக்குறைய அரை அங்குலத்திற்குட்பட்ட நீளமுடையது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு உறிஞ்சுவது மிகச் சிறிதே. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்காக உறிஞ்சுவதோ சிறிதன்று.

இப்புழு இடும் முட்டைகள் மலத்தோடு வெளிப்படும். ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணிலே ஓரிரு நாளிற் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்திலே தோலைத் துளைக்க வல்ல நுண்புழுவாகும். அங்ஙனமாகிய நுண்புழு மண்ணிலே சில வாரம் உயிரோடு காத்திருக்கும். வெறுங்கால் படும்போது விரலிடுக்கு வழியாகத் தோலினுட் புகும், புகுந்தவிடத்து அரிப்புண்டாம். பின் இரத்தத்தோடு நெஞ்சுக்குஞ் சுவாசப்பைக்குஞ் சென்று, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடையும். காலிற் புகுந்தது வயிற்றை அடைதற்கு இத்துணைத் தூரம் யாத்திரை செய்கின்றது!

குளிர் மிகுந்த உயர்மலைகளிலே கொக்கிப்புழு அத்துணைப் பெருகாது. வெப்பமான தாழ்மலைத் தோட்டங்களிலேயே மிகும். அதுபற்றி உயர்மலையிலிருப்போர் அச்சமின்றி இருத்தல் கூடாது. உருண்டைப்புழுவின் முட்டை குளிரையுந் தாங்கி மண்ணிலே பல்லாண்டு கிடக்கவல்லது. அது காலின் வழியே புகாது, கையின் வழியே வாயிற் புகும். கழுவாத கையும், கழுவாது தின்னும் காரற்று முதலிய மரக்கறியுமே அதற்கு வாயில். அதுவும் பிள்ளையின் உணவைப் பங்கிட்டுக்கொண்டு வளர்ச்சியைக் குன்றச் செய்யும்.

ஆகவே அடைக்கவேண்டிய வாயில்கள் மூன்று. மலத்தை மலகூடத்தன்றிப் பிறவிடத்திற் கழியாமை முதலாவது, இதுவே தலையாயது. புறத்தே செல்லும்போது பாதத்தை மறைத்தல் இரண்டாவது. உண்ணுமுன்னும் மலங்கழித்தபின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் மூன்றாவது. இவற்றோடு, பாடசாலையிலே சுகாதாரப் பகுதியார் புழுமருந்து கொடுக்கும் நாளில் ஒரு பிள்ளையும் தவறாதபடி பார்த்தல் வேண்டும்.

4. உணவும் தேநீரும்

உலகம் முழுவதும் அருந்துந் தேநீருக்குக் கொழுந்து கொய்யும் மக்கள், அத்தேநீரையே காலமல்லாக் காலத்து அருந்துதலால் தம் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளுகின்றனர் என்று சொன்னாற் சிலர் வியப்பர். உண்மை அதுவே.

தேயிலையிலே துவர்ப்புச் சத்து உண்டு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தோடு அது குடலிற் சேருங்கால், அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பு உட்கொள்ளாதபடி தடுக்கும். உணவோடு தேநீர் அருந்தினால், சேரவேண்டிய இரும்புச்சத்துப் பாதியளவும் அதற்கு மேலுங் குறைதல் கூடும். தோட்டங்களிலோ காலையிற் கோதுமை ரொட்டியைச் சாயத்தண்ணீரில் தோய்த்துண்டு பெரட்டுக்குச் செல்லுதல் பெருவழக்கு. ரொட்டியில் இரும்புச்சத்துச் சிறிது. அச்சிறிதையும் சாயத்தண்ணீர் பற்றிக்கொள்ளும். பசியாறியது போலிருக்கும், இரத்தம் ஆறாது.

அற்றேல், தேநீரை முற்றாக விடவேண்டுமோ எனின், வேண்டா. காலத்தை மாற்றுதலே போதும். உணவுக்கு ஒரு மணிநேரம் முன்னரேனும் பின்னரேனும் அருந்துக. குளிர்மலையிலே காலையில் வெம்மையான ஒன்று வேண்டுமாயின், எழுந்தவுடன் தேநீர் அருந்தி, முகங்கழுவி, நீராடி, வழிபாடு முடித்து, ஒரு மணிநேரஞ் சென்றபின் உண்க. அல்லது உணவோடு வெந்நீரோ கொத்தமல்லிக் குடிநீரோ அருந்துக. கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பாற்புட்டியிலே சாயத்தண்ணீர் ஊட்டுதல் ஒருபோதும் ஆகாது. கருப்பவதிகளுக்கு மருத்துவமாது கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குதலும் ஆகாது. மாத்திரை தந்த பயனைத் தேநீர் பறித்துக்கொள்ளும்.

தடுப்பதற்கு ஒரு பொருள் இருத்தல் போலவே, துணைசெய்வதற்கும் ஒன்றுண்டு. புளிப்புக் கனிகளிலுள்ள உயிர்ச்சத்து சி, தாவர உணவின் இரும்பு உடம்பிற் சேரும்படி உதவும். மரக்கறி உணவினராகிய சைவர்க்கு இது சிறப்பாக வேண்டற்பாலது. பயறு, கௌபி, கடலை, பருப்பு, உளுந்து, எள்ளு, கீரை வகைகள் இரும்புச்சத்து உள்ளன. இவற்றோடு தேசிக்காய்ச் சாறு பிழிந்தேனும், நெல்லிக்கனியோ கொய்யாவோ உடனுண்டேனும் பயன்பெறுக. முருங்கை உயர்மலைக் குளிரில் வளராது. வல்லாரை, பொன்னாங்காணி முதலியன ஈரமான நிலத்தில் எளிதில் வளரும். லயத்துக்கு முன்னுள்ள சிறு நிலத்திலே நாலு பாத்தி கீரை வளர்ப்பது வைத்தியசாலைக்கு நடக்கும் நடையைக் குறைக்கும்.

5. ஏனைய காப்புகள்

நீர். பீலியிலிருந்தும் ஓடையிலிருந்தும் வரும் நீர் தெளிவாகத் தோன்றுதலாற் தூயதென்று கொள்ளற்க. மேட்டு லயத்தார் கழித்தது மழையோடு பணிய லயத்தாரின் குடத்தைச் சேர்தல் கூடும். நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றோட்டம் என்பன அவ்வழி வருவன. குடிக்கும் நீரைக் கொதிப்பித்தல் வேண்டும். ஈண்டு உபாத்தியாயர் சொல்லத்தக்க ஓர் இயற்கை நுட்பமுண்டு. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலே கொதிக்கும். கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 4,100 அடி உயரமுள்ள அட்டனிலே 96 பாகையளவிலும், 6,100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே 94 பாகையளவிலுங் கொதிக்கும். அவ்வெப்பமும் கிருமிகளைக் கொல்லப் போதியதே. எனினும் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கியவுடன் இறக்காது, மூன்று நிமிடங் கொதிக்கவிடுதல் நன்று. ஆறிய நீரை மூடிவைத்து, கைபடாது வார்த்துக் குடிக்க.

புகை. சாளரமற்ற சிற்றறையில் ஈரவிறகு எரித்தலாலெழும் புகை, தாய்க்கும் அவள் முதுகிலும் மடியிலும் இருக்குங் குழந்தைக்கும் சுவாச நோய் தரும். விறகை உலர்த்தி எரிக்க. சமைக்கும்போது கதவையும் சாளரத்தையுந் திறக்க. குழந்தையை அடுப்பங்கரையினின்றும் விலக்குக. குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்குதல் உயிருக்கே கேடாம். அதினின்று எழும் நச்சுவாயு மணமில்லாதது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

அட்டை. கொழுந்து மலைக்குச் செல்வோரை அட்டை கடித்தல் இயல்பு. அதனைப் பிய்த்திழுக்காது, நகத்தால் மெல்ல நெம்பி விலக்கி, கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சொறிதலாற் புண்ணாகிச் சீழ்கட்டும்.

வெற்றிலை. தாம்பூலம் தட்டிலே வைத்துத் தெய்வத்திற்கும் பெரியார்க்கும் அளித்தற்குரிய மங்கலப் பொருள். அதனைப் புகையிலையோடும் பாக்கோடுஞ் சேர்த்துக் காலை முதல் மாலைவரை கொடிற்றில் அடக்கிவைத்தல் அம்மரபன்று. குளிருக்கும் பசிக்கும் அதுவே துணையென்பார் பலர். பசிக்குத் துணை உணவேயாம். பசியை மறைப்பது துணையாகாது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், பாக்குத் தானும் புற்றுநோய்க்குக் காரணமாதல் உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே துணியப்பட்டது. இலங்கையில் ஆண்மக்களிடத்து மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. வாயிலே வெண்டிட்டோ செந்திட்டோ தோன்றினும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருப்பினும், வாய் முழுதுந் திறக்க முடியாதாயினும் தாமதியாது வைத்தியரைக் காணும்படி பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டிமார்க்குச் சொல்லக் கற்பிக்க.

6. தடையும் விடையும்

இப்பாடத்தைக் கற்பிக்கப் புகுங்கால் மாணாக்கரும் பெற்றோரும் நிகழ்த்தக்க தடைகள் சில உள. அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. அவற்றுட் பல வறுமையின் வாயிலிருந்து வருவன.

"செருப்பு வாங்கப் பணமில்லையே" எனின்: மலகூடம் ஒழுங்காக வழங்கப்படும் லயத்திலே மண் தூயதாகும், மண் தூயதாயின் வெறுங்காலுக்கும் அச்சங் குறையும். ஆகலின் முதற்காப்புச் செருப்பன்று, மலகூடமே. செருப்பில்லாத பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி நாணச்செய்தல் உபாத்தியாயர்க்குத் தகாது. பழைய செருப்பு உள்ளவர் இல்லாதவர்க்குக் கொடுக்கும் ஒழுங்கைப் பாடசாலையிலே அமைக்கலாம்.

"மலகூடமே இடிந்து கிடக்கின்றதே" எனின்: அது பிள்ளையின் குற்றமன்று; பெற்றோரின் குற்றமுமன்று. உறைவிடமும் நீரும் மலகூடமும் அமைத்துத்தருதல் தோட்ட நிர்வாகத்தார்க்கும் அரசுக்குமுள்ள கடமை. 1916ஆம் ஆண்டிலே தோட்டக்காரரைத் தயங்கச்செய்த செலவுக்கணக்கே இன்றும் ஏழையின் வாசலில் நிற்றல் கூடாது. பெற்றோர் பலர் ஒருங்குகூடி எழுதிக் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒருவர் முறையீட்டினும் வலிது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அதனை எழுத உபாத்தியாயர் உதவுக. கடமை பிறர்க்குள்ளது என்று கூறி நாம் கைகழுவாதிருத்தலும், கைகழுவாமையே எல்லாவற்றிற்குங் காரணமென்று கூறி அவர் கடமையை மறத்தலும் ஒருதன்மையவான பிழைகளாம்.

"நோய் வந்தால் மருந்துக்காரர் இருக்கின்றாரே" எனின்: மருந்து வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. கூரை ஒழுகும்போது பாத்திரம் வைத்தல் வேண்டும். பாத்திரம் வைத்தோமென்று கூரையை வேயாது விடுதல் அறிவன்று. இதற்கு மேற்சொன்ன வரலாறே சான்று.

"எம் முன்னோர் இவ்வாறே வாழ்ந்தனரே" எனின்: வாழ்ந்தோரை மாத்திரம் நாம் காண்கின்றோம். இளமையிலே மாண்டோர் இதனைச் சொல்ல வந்திலர்.

7. கற்பிக்கு முறை

சொல்லாற் கேட்டது மறக்கும். கண்ணாற் கண்டது நிற்கும். ஆகலின் வகுப்பிலே செய்துகாட்டத்தக்க செய்கைகள் இரண்டு கூறுவாம். பெருஞ்செலவு இவற்றிற்கு வேண்டா.

முதலாவது, கைகழுவற் செய்கை. மஞ்சட்பொடியைத் தேங்காயெண்ணெயிற் குழைத்து இரு மாணாக்கர் கையிற் பூசுக. ஒருவன் நீரால் மாத்திரங் கழுவுக. மற்றவன் சவர்க்காரமிட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்னும் இவற்றை ஒரு சிறு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம் தேய்த்துக் கழுவுக. இருவர் கையையும் வெள்ளைத்தாளிலே ஒற்றிக்காட்டினால் வேறுபாடு தானே விளங்கும். கண்ணுக்குத் தோன்றும் மஞ்சளே நீரிற் போகாதாயின், தோன்றாத முட்டையுங் கிருமியும் எங்ஙனம் போகும் என்று வினாவுக.

இரண்டாவது, தேநீர்ச் செய்கை. துருப்பிடித்த ஆணி சிலவற்றைத் தேசிக்காய்ச் சாற்றிலே ஓரிரவு ஊறவைக்க. மறுநாள் பாலில்லாத கடுஞ்சாயத்தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அச்சாற்றைத் துளித்துளியாக விடுக. செந்நிறத் தேநீர் மைபோலக் கருகும். இரும்பைத் துவர்ப்புச் சத்துப் பற்றிக்கொண்ட அடையாளம் அது. வயிற்றினுள்ளும் இவ்வாறே பற்றிக்கொள்ளும் என்று கூறுக. செய்கை முடிந்தவுடன் அக்குவளையை ஒருவரும் அருந்தாதபடி ஊற்றிக் கழுவுக.

இச்செய்கைகளைக் கண்ட பிள்ளை வீட்டுக்குச் சென்று, கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து அமர்ந்த தாய்க்குச் சொல்லுவான். அத்தாயே வீட்டின் சமையலையுந் தேநீரையும் ஆள்பவள். எனவே நாம் கற்பிப்பது ஒரு வகுப்புக்கு அன்று, ஒரு லயத்துக்கு. ஆயினும் பிள்ளையைக் கொண்டு தாயைக் குற்றஞ்சாட்டுவித்தல் ஆகாது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பெரட்டுக்கு ஓடி, மலையேறி, மாலையில் மீளும் அவளுக்கு ஓய்வும் போதிய உணவும் இல்லாமையே முதற்குறை. உண்ணுங்காற் கடைசியாக உண்பவளும் அவளே. தாய்க்கும் ஒரு பங்கு பயறு வைத்துவிட்டு உண்ணவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் இப்பாடத்தின் ஓர் அங்கமாகுக.

நாள்தோறும் காலை வழிபாட்டின்பின் நகமுங் கையும் பார்க்க. பாடசாலையிலே உணவு வேளைக்குமுன் வரிசையாகக் கைகழுவுவிக்க. மாதத்திற்கொருமுறை உயரமும் நிறையும் அளந்து குறித்துவைக்க. ஏறாத நிறையை மருத்துவமாதுக்கு அறிவிக்க. பாடசாலை மலகூடத்தை முதலில் நன்னிலையில் வைக்க. அழுக்கான மலகூடமுள்ள பாடசாலையிலே சுத்தத்தைக் கற்பித்தல், தான் உறங்கிக்கொண்டு பிறரை விழிக்கச் சொல்வதை ஒக்கும்.

முடிவுரை

நித்தியம் என்னுஞ் சொல்லின் பொருள் இடையறாதது என்பதாம். ஒருநாட் செய்து ஒன்பதுநாள் விடுவது நித்தியமாகாது. பெரிய வைத்தியசாலை கட்டுதல் நம்மால் இயலாது. லயங்களை வீடாக்குதலும் நம் ஒருவர் செயலன்று. பின்வாங்கிலே கண்சொருகும் அப்பிள்ளையை இன்று மந்தனென்னாது, இமையைப் பார்த்து வைத்தியரிடம் அனுப்புதல் நம் கையில் உள்ளது. அவன் மருந்துண்டு மீண்டு வந்தபின் மறுபடியும் அவ்வாங்கில் உறங்காதபடி, காலையுங் கையையும் உணவையுங் காக்கப் பழக்குதலும் நம் கையில் உள்ளது. இவ்விரண்டையும் செய்த உபாத்தியாயர் அப்பிள்ளைக்கு எழுத்தறிவித்தலோடு அதனைக் கற்கும் உடம்பையும் அளித்தவராவர்.

பயிற்சி வினாக்கள்

1. இரத்தக்குறைவுள்ள பிள்ளையின் அடையாளங்கள் யாவை? அதனைத் துணிந்து கூறற்குரியார் யார்?

2. 1916ஆம் ஆண்டு மருந்துண்டு தேறியவரைக் கொக்கிப்புழு மீளவும் பற்றியது எதனால்?

3. கொக்கிப்புழு காலினின்றுங் குடலுக்குச் செல்லும் வழியைப் படம் வரைந்து காட்டுக.

4. உருண்டைப்புழுவுக்குக் குளிர்மலையும் தடையாகாமை ஏன்?

5. உணவோடு தேநீர் அருந்தலாகாமைக்குக் காரணம் என்னை? அருந்தத்தக்க காலம் யாது?

6. மரக்கறி உணவினர் பயற்றோடு தேசிக்காயையும் நெல்லியையும் சேர்த்துண்ணல் வேண்டும் என்பது ஏன்?

7. நுவரெலியாவிலும் அட்டனிலும் நீர் கொதிக்கும் வெப்பம் வேறுபடுதற்குக் காரணம் கூறுக.

8. நும் லயத்து மலகூடமும் நீர்வழியும் எந்நிலையில் உள்ளன? அவற்றைத் திருத்தவேண்டிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.